கல்லைத் தொட்ட பிறகே பெயர் சொல்லும் வகுப்பு: கோலாலம்பூரில் ஒரு நிலவியல் களப்பயிற்சி

பணி ஓய்வு பெற்ற நிலவியல் பேராசிரியர் ஒருவர், படிவம் மூன்று முதல் ஆறாம் படிவம் வரை படிக்கும் மாணவர்களுக்காகக் கோலாலம்பூரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் சனிக்கிழமைகளில் நடத்திவரும் களப்பயிற்சியைப் பற்றிய மதிப்புரை இது. உள்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் நெடுங்காலம் பாடம் நடத்திய அவர், தம் பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று முதல் நாளே பெற்றோரிடம் கேட்டுக்கொள்கிறார். விளம்பரப் பலகையோ முகநூல் பக்கமோ அவருக்கு இல்லை; தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் வழியாகவும் ஆலயங்களின் இளைஞர் பிரிவுகள் வழியாகவும் செய்தி பரவி மாணவர்கள் சேர்கிறார்கள். ஒரு பருவத்திற்கு 6 சனிக்கிழமைகள், ஒரு குழுவிற்கு 12 பேர், கட்டணம் ஒருவருக்கு 420 ரிங்கிட். அண்ணன் தங்கையாகச் சேர்ந்தால் இரண்டாமவருக்குப் பாதிக் கட்டணம். படிவம் நான்கில் படிக்கும் என் மகள் அண்மையில் ஒரு பருவத்தை முடித்தாள். பெற்றோர் உடன் வரலாம் என்பதால் நானும் ஓரமாக நின்று கேட்டிருக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடுத்த பணத்திற்கு இந்தப் பயிற்சி தகும். ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் தகும் என்று சொல்ல மாட்டேன். நம் இடைநிலைப்பள்ளிகளில் நிலவியல் தனிப்பாடமாக இல்லை. புவியியல் பாடத்தில் ஓரிரு அலகுகளாக வந்துபோகிறது. ஆகவே படிவம் ஐந்தின் இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் கூடுதல் புள்ளி கிடைக்கும் என்ற கணக்கில் சேர்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். இங்கே கிடைப்பது, ஒரு பொருளைக் கையில் எடுத்து, அளந்து, அளந்ததை எழுதிவைத்து, அதன் பிறகே அதற்கு என்ன பெயர் என்று கேட்கும் பழக்கம். கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் கைப்பேசியில் பதிலைத் தேடிவிடும் பிள்ளைகளுக்கு இந்த வரிசை முதலில் எரிச்சலூட்டுகிறது. என் மகளுக்கும் ஊட்டியது.

பதிவின்போது கொடுக்கப்படும் ஒற்றைத் தாளில் பேராசிரியரின் ஆய்வு ஆர்வங்கள் என்று ஒரு பெரிய பட்டியல் இருக்கிறது: சுண்ணாம்புக்கல் குகைகள், ஈயப் (இங்கே ஈயம் என்பது வெள்ளீயம், ஆங்கிலத்தில் tin) படிவுகள், வெந்நீர் ஊற்றுகள், மலைச்சரிவுகளின் உறுதி, கட்டடக் கற்கள், சிறு நில அதிர்வுகள். ஒரே மனிதர் இத்தனையிலும் ஆழம் கண்டிருப்பாரா, அல்லது எல்லாக் கடையிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி வைத்திருப்பாரா என்ற ஐயம் எனக்கு அதைப் படித்தபோது எழுந்தது. முதல் வகுப்பில் அவர் நகரத்தின் வரைபடம் ஒன்றை விரித்து, அதன்மேல் நான்கு நிறங்களில் பென்சிலால் கோடு இழுத்தபோது அந்த ஐயம் பெருமளவு தணிந்தது. பத்துமலையிலிருந்து தெற்கே நகரின் அடியில் பரவிக் கிடப்பது 40 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட சுண்ணாம்புக்கல். நகரின் பல பகுதிகளில் அதன்மேல் அமர்ந்திருப்பது கென்னி ஹில் என்று நிலவியலார் பெயரிட்டிருக்கும், மணலும் சேறும் இறுகி உருமாறிய பாறை அடுக்கு. கிழக்கே அம்பாங்கையும் உலு லங்காட்டையும் ஒட்டி எழும் மலைகள் ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கு முன் குழம்பாக மேலேறி ஆழத்திலேயே உறைந்த கிரானைட். அந்தக் கிரானைட்டைக் கீறிக்கொண்டு கோம்பாக் பக்கம் நீளும் வெள்ளைக் கோடு குவார்ட்ஸ் முகடு. இவை நான்கும் அரை மணி நேரக் கார்ப் பயணத்திற்குள் அடங்குகின்றன. இந்த ஊரில் நிலவியல் படிப்பவர் பலதுறைக்காரராகத்தான் ஆக வேண்டியிருக்கிறது. குகையைப் பற்றிக் கேட்டால் ஈயத்தைத் தொடாமல் பதில் சொல்ல முடியாது, ஈயத்தைப் பற்றிக் கேட்டால் கிரானைட்டுக்குப் போகாமல் முடியாது.

இதற்கு அவர் முதலில் எடுத்துக்காட்டும் கட்டடம் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம். முதலில் தேர்ந்தெடுத்த இடத்தில் துளையிட்டுப் பார்த்தபோது, ஒரு பக்கம் அடியில் சுண்ணாம்புக்கல் கரைந்து குழிகளும் கூர்முனைகளுமாக இருப்பதும் மறுபக்கம் அது ஆழத்தில் மறைந்துபோவதும் தெரியவந்ததால், கோபுரங்களின் இடம் ஏறத்தாழ 60 மீட்டர் நகர்த்தப்பட்டது. 452 மீட்டர் உயரக் கோபுரங்கள் பாறையின்மேல் நேராக நிற்கவில்லை, 4.5 மீட்டர் தடிமனுள்ள கான்கிரீட் மேடையும், அதன் அடியில் மண்ணோடு உராய்ந்து பிடித்துக்கொண்டு நிற்கும், சில இடங்களில் 100 மீட்டருக்கும் மேல் இறங்கும் தூண்களும் அவற்றைத் தாங்குகின்றன. அந்தக் கோபுரங்களின் அடியிலுள்ள கே.எல்.சி.சி. பூங்காவில் எத்தனையோ முறை ஐஸ்கிரீம் வாங்கித் தந்து பிள்ளைகளை உட்காரவைத்திருக்கிறோம். இந்தச் செய்தியை அங்கே எவரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

முதல் நாளுக்கு ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு கல் கொண்டுவர வேண்டும் என்பது விதி. எங்கள் குழுவில் அம்மிக்குழவி வந்தது, கால் தேய்க்கும் நுரைக்கல் வந்தது, மீன்தொட்டிக் கூழாங்கற்கள் வந்தன, சமையலறை மேடையில் பதித்து மிஞ்சிய பளபளப்பான துண்டு ஒன்றும் வந்தது. கண்ணாடித் துண்டு, இரும்பு ஆணி, கையில் பிடித்துப் பார்க்கும் பத்து மடங்கு உருப்பெருக்கி, சொட்டுக்குழாயில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆகியவற்றைக் கொடுத்துவிட்டு, ஒரு மணி நேரம் பேராசிரியர் எந்தக் கல்லின் பெயரையும் சொல்லவில்லை. ஆணி கீறுகிறதா, கல் கண்ணாடியைக் கீறுகிறதா, அமிலம் பட்டால் நுரைக்கிறதா, துகள்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருக்கின்றனவா அல்லது ஒட்டவைத்தாற்போல் இருக்கின்றனவா என்று மாணவர்கள் கட்டம் போட்டு நிரப்பினார்கள். சமையலறை மேடைத் துண்டை வீட்டில் மார்பிள் என்று சொல்லி வாங்கியிருக்கிறார்கள். மார்பிள் என்னும் பளிங்கின் பெரும்பகுதி கால்சைட் என்ற சுண்ணாம்புத் தாது. அதன் கடினம், 1 முதல் 10 வரை செல்லும் மோஸ் கடின அளவில் 3 என்பதால் ஆணிக்கே கீறல் விழ வேண்டும், அமிலத்திற்கு நுரைக்கவும் வேண்டும். இந்தத் துண்டோ இரண்டிற்கும் அசையாமல், கண்ணாடியைக் கீறிவிட்டது. அந்த மாணவனின் தந்தை என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். மேடை போட்டுக்கொடுத்தவரைப் பற்றி அவர் அப்போது சொன்னதை இங்கே எழுதுவதற்கில்லை.

இன்னொரு மாணவி கொண்டுவந்தது, அவர்கள் ஊர்க் கோயில் திருப்பணியின்போது தமிழ்நாட்டிலிருந்து வந்த சிற்பிகள் செதுக்கிப் போட்ட சில்லு. நீலம் கலந்த சாம்பல் நிறமும், எண்ணெய் தடவினாற்போன்ற மினுக்கமும் இருந்தன. அதைப் பார்த்ததும் பேராசிரியர் பல்லாவரத்திற்குப் போய்விட்டார். சென்னைக்குப் பக்கத்தில் உள்ள அந்தக் குன்றுகளின் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர் வந்த கதையை, கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிக அதிகாரியின் கல்லறையில் பதித்திருக்கும் கல்லைப் பார்த்து ஹாலந்து என்ற நிலவியலார் அந்தப் பெயரை வைத்ததை, மாணவர்களுக்கு விரிவாகச் சொன்னார். ஆனால் கையிலிருந்த சில்லு அதே வகைதானா என்று கேட்டபோது, கண்ணால் பார்த்து முடிவு சொல்ல மறுத்துவிட்டார். 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சீவி, நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார். இந்த மறுப்பு அவர் வகுப்பில் திரும்பத் திரும்ப வருகிறது, அவரை நம்பத் தோன்றுவதற்கும் அதுவே முதல் காரணம். கோயில் மூர்த்தங்களின்மேலோ படிக்கட்டின்மேலோ அமிலமும் ஆணியும் படக்கூடாது என்பதை மட்டும் அன்று மூன்று முறை எச்சரித்தார்.

பத்துமலை வகுப்பைப் பற்றிச் சற்று எழுத வேண்டும். 272 படிகளையும் எண்ணியபடியே ஏறிப் பழகிய நம் பிள்ளைகளுக்கு அந்த மலை தைப்பூசத்தின் இடம்; அதைக் கல்லாகப் பார்க்கச் சொல்வது எளிதன்று. பேராசிரியர் முதலில் காலணியைக் கழற்றச் சொல்லிக் கும்பிட்டுவிட்டு வரச் சொன்னார், பிறகு குறிப்பேட்டைத் திறக்கச் சொன்னார். குகைச் சுவரில் அமிலம் விட அவர் அனுமதிப்பதில்லை. ஒருகாலத்தில் அங்கே சுண்ணாம்புக்கல் உடைத்த நாள்களிலிருந்து அவரிடம் இருக்கும் துண்டுகளைக் கீழே வைத்துத்தான் சோதனை. சொட்டு விழுந்ததும் சீறி நுரைத்த அந்தக் கல்லில் சிப்பியோ பவளமோ தேடிப் பார்த்த மாணவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கடலடியில் உயிர்களின் ஓடுகளும் சேறும் சேர்ந்து உண்டான கல், பிற்பாடு கிரானைட் குழம்பு அருகே மேலேறியபோது வெந்து மறுபடிகமாகிப் பளிங்காக மாறியதால் பழைய வடிவங்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன என்ற விளக்கம், தேடிப் பார்த்து ஏமாந்த பிறகு வந்ததால் மனத்தில் நின்றது.

மேலே, கூரையிலிருந்து நீர் சொட்டும் ஓரிடத்தில், மாணவர்கள் இருவர் இருவராக நின்று நிமிடத்திற்கு எத்தனை சொட்டு விழுகிறது என்று எண்ணினார்கள்; விழுந்த நீரை ஒரு குவளையில் பிடித்து அதன் அமிலக் காரத் தன்மையைத் தாளால் சோதித்தார்கள். மழைநீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிக் கல்லைக் கரைத்துக் கீழிறங்குகிறது. குகையின் வெற்றிடத்தை அடைந்ததும் அந்த வாயு வெளியேறிவிட, கரைந்த சுண்ணாம்பு மீண்டும் கல்லாகப் படிகிறது. வேதியியல் பாடத்தில் சுண்ணாம்பு நீருக்குள் ஊதினால் பால்போல் கலங்கி, தொடர்ந்து ஊதினால் மீண்டும் தெளிவதை இவர்கள் ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறார்கள், அதே வினை இங்கே மலையளவில் நடக்கிறது என்று புரிந்தபோது, வழக்கமாக வாயே திறக்காத ஒரு பையன், "அப்படியென்றால் இந்த மலை இன்னும் கரைந்துகொண்டேதானே இருக்கிறது, ஐயா?" என்று கேட்டான். "கரைகிறது, தம்பி. உன் கொள்ளுப்பேரனும் இங்கே காவடி எடுக்கலாம், கவலைப்படாதே" என்றார் பேராசிரியர். அருகிலுள்ள இருட்டுக் குகை 2019ஆம் ஆண்டு முதல் மூடப்பட்டுள்ளதால் அதைப் பார்க்க வழியில்லை. அங்கே வாழும் அரிய பொறிக்கதவுச் சிலந்தியைப் படத்தில் மட்டும் காட்டினார்.

பயிற்சியின் உச்சம் ஈய வகுப்பு. அது ஆற்றங்கரையில் நடக்கவில்லை. பொது மண்டபத்தின் பின்புறத்தில், நீல நிறப் பிளாஸ்டிக் தொட்டிகளில் தண்ணீர் நிரப்பி, பழைய ஈயக்குட்டை ஒன்றின் கரையிலிருந்து முறையாக அனுமதி பெற்று எடுத்துவந்த மணலைக் கொண்டு நடந்தது. ஆழமில்லாத மரத் தட்டான டூலாங்கில் மணலை அள்ளி, நீருக்குள் வைத்துச் சுழற்றிச் சுழற்றி இலேசான மணலை வழியவிட வேண்டும். முன்பு இந்த வேலையைப் பெரும்பாலும் சீனப் பெண்கள் இடுப்பளவு நீரில் நின்று நாள் முழுதும் செய்தார்கள் என்பதைப் பேராசிரியர் சொன்னபோது, பத்து நிமிடத்திலேயே முதுகைப் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தட்டின் அடியில் கடைசியாகத் தங்கும் கறுப்பு மணல்தான் பொருள். குவார்ட்ஸ் மணலின் அடர்த்தி 2.65, ஈயத்தின் தாதுவான கேசிட்டரைட்டின் அடர்த்தி ஏறக்குறைய 7. இந்த ஒரு வேறுபாட்டின்மேல்தான் இந்த நகரமே எழுந்தது.

கறுப்பு மணலைக் காயவைத்து, அடுப்படித் தராசில் எடை பார்த்து, அளவுகுழாயில் நீர் எவ்வளவு உயர்கிறது என்று கண்டு, அடர்த்தியை மாணவர்களே கணக்கிட்டார்கள். என் மகளின் குழுவிற்கு வந்த விடை 5.4. பேராசிரியர் அதைத் திருத்தவில்லை. ஏன் 7 வரவில்லை என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார். குவார்ட்ஸ் மணல் இன்னும் கலந்திருக்கலாம், துகள்களுக்கிடையே காற்றுக் குமிழி சிக்கியிருக்கலாம், வேறு கனத் தாதுக்கள் இருக்கலாம் என்று அவர்கள் எழுதிய மூன்று காரணங்களையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வைத்தார். வலிய காந்தத்தைத் தாளின் அடியில் ஓட்டியபோது ஒரு பங்கு மணல் காந்தத்தின் பின்னால் நகர்ந்தது; அது இல்மனைட், ஈயத் தாது அன்று. மீதமிருந்ததில் சில துகள்களைத் துத்தநாகத் தகட்டின்மேல் வைத்து நீர்த்த அமிலம் விட்டபோது, சில நிமிடங்களில் அந்தப் பழுப்புத் துகள்களின்மேல் சாம்பல் நிற உலோகப் பூச்சு படர்ந்தது. தாதுவின் மேற்பரப்பு ஈயமாகவே மாறும் அந்தக் காட்சியைப் பார்க்கப் பெற்றோர்களும் பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு குனிந்தோம். ஈயச் சுரங்கக்காரர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திய எளிய சோதனை அது. எந்தப் பள்ளி ஆய்வகத்திலும் சில ரிங்கிட் செலவில் செய்துகாட்டலாம், ஆயினும் என் பள்ளி நாள்களில் எவரும் செய்துகாட்டியதில்லை.

ஈயத்தைப் பிரித்தபின் மிஞ்சும் கனமணலுக்கு இந்நாட்டில் அமாங் என்று பெயர். அதில் இல்மனைட், சிர்க்கோன், மோனசைட் போன்றவை இருக்கின்றன. மூடி முத்திரையிட்ட ஒரு சிறு குப்பியைக் கதிரியக்கமானியின் அருகே வைத்ததும் கருவி படபடவென்று ஒலிக்கத் தொடங்கியது; மோனசைட்டில் தோரியம் இருப்பதுதான் காரணம். மோனசைட்டில் அரிய மண் தனிமங்களும் இருப்பதால், அவற்றைப் பற்றிச் செய்தித்தாள்களில் வரும் சர்ச்சைகள் அமாங் குவியல்களையும் தொடுகின்றன என்று விளக்கிவிட்டு, குப்பியை எட்டடி தள்ளிவைத்து ஒலி எப்படிக் குறைகிறது என்று அளக்கச் சொன்னார். தூரம் இரண்டு மடங்கானால் எண்ணிக்கை பாதியாகாமல் நான்கில் ஒரு பங்கை நெருங்குகிறது என்பதை வரைபடத் தாளில் புள்ளியிட்டுக் கண்டுபிடித்தவர்கள் படிவம் மூன்று மாணவிகள் இருவர்.

இதே வகுப்பில்தான் வரலாறும் நிலவியலும் பிரியாமல் வந்தன. 1857இல் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சுரங்கத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றில் மேலேறி, கோம்பாக் ஆறு சேரும் இடத்தில் இறங்கி, அம்பாங்கிற்குக் காட்டு வழியே நடந்து ஈயம் தேடினார்கள். அவர்களுள் பெரும்பாலோர் காய்ச்சலில் மாண்டார்கள். ஈயம் பிறந்தது மலையின் கிரானைட்டில். மழையில் மலை அரிக்கப்பட்டு, கனமான தாது ஆற்றோடு இறங்கி, பள்ளத்தாக்கின் அடியில் கூர்கூராக நிற்கும் சுண்ணாம்புக்கல் முனைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. கிரானைட் மலையும் சுண்ணாம்புக்கல் தரையும் பக்கத்தில் பக்கத்தில் அமையாவிட்டால் இத்தனை வளமான படிவு இங்கே சேர்ந்திருக்காது. 1985இல் உலக ஈயச் சந்தை சரிந்தபின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, குழிகள் ஏரிகளாகவும், சுங்கை பெசியில் இருப்பதைப்போல் கடைத்தொகுதியும் விடுதியும் சூழ்ந்த நீர்நிலைகளாகவும் மாறின. ஒரு மாணவனின் தாத்தா பேராக்கில் ஈயம் தூர்வாரும் கப்பலில் வேலை பார்த்தவர். அவரை அன்று பேச அழைத்தது நல்ல ஏற்பாடு; அவர் பேசியது முக்கால் மணி நேரம், அதில் ஒரு நிமிடத்தைக்கூடக் குறைத்திருக்க வேண்டாம்.

வெந்நீர் ஊற்று வகுப்பும் குவார்ட்ஸ் முகட்டு வகுப்பும் ஒரே நாளில் அடைக்கப்பட்டிருந்ததால் இரண்டுமே அவசரமாகப் போயின. உலு லங்காட்டில் டூசுன் துவா ஊற்றில் வெப்பநிலை எடுத்து, அருகில் எரிமலையே இல்லாத இடத்தில் நீர் எப்படிச் சூடாகிறது என்ற கேள்விக்கு, மழைநீர் கிரானைட்டின் வெடிப்புகள் வழியே ஆழத்திற்கு இறங்கி, ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 25 முதல் 30 பாகை வரை கூடும் பூமியின் சூட்டை வாங்கிக்கொண்டு பிளவு வழியே மேலே திரும்புவதை விளக்கினார். அங்கிருந்து தாமான் மெலாவாத்திக்கு வந்து, புக்கிட் தாபூர் முகட்டைக் கீழிருந்தே பார்த்தோம். உயிரிழப்புகள் நேர்ந்த அந்த முகட்டின்மேல் மாணவர்களை ஏற்றுவதில்லை என்பதில் அவர் உறுதியாக இருக்கிறார். அதை நான் வரவேற்கிறேன். 14 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கும் அந்தக் குவார்ட்ஸ் சுவர், பிளவு ஒன்றில் சிலிக்கா நிறைந்த வெந்நீர் ஏறிப் படிந்து உண்டானது. சுற்றியிருந்த கிரானைட் மக்கிக் கரைந்தபின் அது மட்டும் நிற்கிறது. கிள்ளான் ஆறு அதை அறுத்துச் செல்லும் வாசலில்தான் 1958இல் கட்டி முடிக்கப்பட்ட கிள்ளான் கேட்ஸ் அணை இருக்கிறது. ஊற்று நீரையும் முகட்டையும் ஒரே காரணத்தின் பழைய வடிவமும் புதிய வடிவமுமாக இணைத்துக் காட்டியது அழகு. அதைப் பிள்ளைகள் சிந்திப்பதற்குள் பேருந்து இல்லாத அந்த இடத்திலிருந்து கார்களில் ஏற வேண்டியதாயிற்று.

மலைச்சரிவு வகுப்பு பெற்றோர்களுக்கே அதிகம் பயன்பட்டது என்று நினைக்கிறேன். 1993 டிசம்பர் 11 அன்று உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் கட்டடம் சரிந்து 48 பேர் இறந்ததும், 2022 டிசம்பர் 16 அன்று பத்தாங் காலி முகாம் தளத்தில் 31 பேர் மண்ணில் புதைந்து இறந்ததும் நம்மில் பலருக்குச் செய்திகளாக நினைவிருக்கும். பேராசிரியர் அவற்றைச் சொன்னது அச்சமூட்ட அன்று. நம் மழையிலும் வெயிலிலும் கிரானைட் பல மீட்டர் ஆழத்திற்கு மக்கி மண்ணாகிவிடுகிறது; அந்த மண்ணுக்குள் நீர் நிறைந்தால் அதன் பிடிப்புக் குறைகிறது; நீர் வெளியேற வழி இருந்தால் சரிவு நிற்கும். இவ்வளவையும் ஒரு குடியிருப்பின் தடுப்புச்சுவர் ஓரம் நடந்தே கற்பித்தார். சுவரில் நீர் கசியும் துளைகள் அடைத்திருக்கின்றனவா, மேல் கால்வாயில் இலை தேங்கியிருக்கிறதா, மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து பின் நிமிர்ந்து வளர்ந்திருக்கின்றனவா, தரையில் பிறை வடிவ வெடிப்பு உண்டா என்று மாணவர்கள் பட்டியலிட்டார்கள். கோணமானி, நூல், ஒரு இரும்புத் திருகு ஆகியவற்றால் தாங்களே செய்த சாய்வுமானியால் சரிவை அளந்தார்கள். மறுநாளே என் மனைவி எங்கள் வீட்டுப் பின்புறத் தடுப்புச்சுவரின் துளைகளைக் குச்சியால் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வகுப்பின் முடிவில், எதிர்பார்த்தபடியே, 2024 ஆகஸ்டில் மஸ்ஜித் இந்தியாவில் நடைபாதை உள்வாங்கி ஒரு பெண்மணி விழுந்து காணாமற்போனதைப் பற்றி மாணவர்கள் கேட்டார்கள். தமிழ்க் கடைகள் நிறைந்த அந்தத் தெருவில் நடக்காதவர் எங்கள் குழுவில் ஒருவரும் இல்லை. தரை உள்வாங்குவதற்குச் சுண்ணாம்புக்கல்லின் குழிவுகளும் காரணமாகலாம், உடைந்த குழாய் வழியே மண் அரித்துச் செல்லப்படுவதும் காரணமாகலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம் என்று பொதுவாக விளக்கிய பேராசிரியர், அந்த இடத்தைப் பற்றித் தாம் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று நிறுத்திக்கொண்டார். அதற்குப் பதிலாக, கட்டுமான இடம் ஒன்றில் தரையைத் துளையிட்டு, எந்த ஆழத்தில் மண், எந்த ஆழத்தில் பாறை என்று குறித்துவைத்த பழைய துளைப் பதிவுகளின் நகல்களை மாணவர்களிடம் கொடுத்து, வரைபடத் தாளில் நிலத்தடிக் குறுக்குவெட்டு ஒன்றை வரையச் சொன்னார். சில அடி இடைவெளியிலுள்ள இரண்டு துளைகளில் ஒன்று விரைவிலேயே பாறையைத் தொட, மற்றொன்று பல மீட்டர் ஆழம்வரை மென்மண்ணிலேயே இறங்குவதைக் கண்டு, இரண்டிற்கும் நடுவே எப்படிக் கோடு இழுப்பது என்று அவர்கள் வாதாடினார்கள். ஒரே தரவிலிருந்து ஆறு வெவ்வேறு வரைபடங்கள் வந்தன. எவையும் தவறென்று சொல்ல முடியவில்லை. இன்னொரு துளை எங்கே போட வேண்டும் என்பதுதான் அவர் கேட்ட கடைசிக் கேள்வி. இந்தப் பயிற்சியில் நான் கண்ட மிகச் சிறந்த செயல்திட்டம் இதுவே. இதற்குத் தனியாக ஒரு முழுநாள் ஒதுக்க வேண்டும்.

குறைகளுக்கு வருகிறேன். நில அதிர்வுத் திட்டம் பெயருக்குத்தான் இருக்கிறது. 2007 முதல் 2009 வரை பகாங்கின் புக்கிட் திங்கியில் சிறு அதிர்வுகள் பதிவானதைப் பற்றிய விளக்கம் சுவையானது. ஆனால் ஒரு மாணவரின் மாடிவீட்டில் வைத்த மலிவான உணர்கருவி பருவம் முழுதும் பதிவு செய்தது லாரிகளையும் துணி துவைக்கும் இயந்திரத்தையும்தான். இரைச்சலிலிருந்து அதிர்வைப் பிரிக்கும் முறையைக் கற்பித்திருந்தால் அதுவும் பாடமாகியிருக்கும். அந்த நேரத்தைத் துளைப் பதிவுகளுக்குக் கொடுத்துவிடலாம்.

இதைவிடப் பெரிய குறை, அளந்தவற்றின் கதி. பத்துமலையில் சொட்டு எண்ணும் வேலையைப் பேராசிரியர் ஒவ்வொரு பருவத்திலும் அதே இடத்தில் செய்ய வைக்கிறார். முந்தைய குழுக்களின் எண்கள் அவருடைய தனிக் குறிப்பேடுகளில் உறங்குகின்றன. மழை அளவோடு சேர்த்து அவற்றை ஒரே அட்டவணையில் போட்டிருந்தால், ஏப்ரலிலும் நவம்பரிலும் மழை உச்சமடையும் இந்த ஊரில் குகைச் சொட்டு எத்தனை நாள் பிந்தி உயர்கிறது என்பதை இந்நேரம் மாணவர்களே கண்டிருப்பார்கள். அளவெடுப்பில் இத்தனை கண்டிப்புக் காட்டுபவர் தொகுப்பில் இப்படிக் கை விடுவது எனக்குப் புதிராக இருக்கிறது. கடைசி வகுப்பில் ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம் பேச வாய்ப்புக் கிடைத்தது. எழுதிக் கொடுத்த அறிக்கைக்கு இரண்டு வரிக் கருத்து வாட்ஸ்அப்பில் பல நாள் கழித்து வந்தது. பயிற்சித் தாள்கள் நகலின் நகலாக மங்கிப்போய், சில கட்டங்களைப் பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்க முடியவில்லை. கையில் பூதக்கண்ணாடி இருந்தது என்பது வேறு விஷயம்.

பாதுகாப்பில் குறை சொல்வதற்கில்லை. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குச் சுத்தியல் கிடையாது. அமிலம் எப்போதும் அவர் கையிலோ உதவியாளர் கையிலோதான் இருக்கும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாதவர் வட்டத்திற்கு வெளியே நிற்க வேண்டும். ஆற்றோரத்தில் மேல்மலையில் கருமேகம் தெரிந்தால், இங்கே வெயில் அடித்தாலும், கெப்பாலா ஆயேர் என்னும் திடீர் ஆற்றுவெள்ளம் வரலாம் என்று எல்லாரையும் கரையேற்றிவிடுகிறார். போக்குவரத்தைப் பெற்றோரே பார்த்துக்கொள்ள வேண்டும். பத்துமலைக்குக் கொமூட்டர் இரயிலில் போய்விடலாம். உலு லங்காட்டிற்குக் கார் இல்லாமல் முடியாது. கழிப்பறை வசதி இடத்திற்கு இடம் மாறுகிறது, பெண்பிள்ளைகளை அனுப்புபவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. விளக்கம் தமிழிலும் மலாயிலும் கலந்து வருகிறது, பாறைப் பெயர்கள் ஆங்கிலத்தில் வருகின்றன. தேசியப்பள்ளியில் படித்துத் தமிழ் சற்றுத் தடுமாறும் பிள்ளைகளுக்கும் சிரமம் இருக்காது.

வேறு வாய்ப்புகளோடு ஒப்பிட வேண்டுமானால், கே.எல்.சி.சி.யில் உள்ள பெட்ரோசைன்ஸ் சிறிய பிள்ளைகளுக்குச் செலவும் அலைச்சலும் குறைந்த தொடக்கம். ஈப்போவில் உள்ள நிலவியல் அருங்காட்சியகத்தில் இங்கே பார்க்க முடியாத மாதிரிகள் ஏராளம். இரண்டிலும் களத்திற்கே போய்க் கல்லைச் சோதித்துப் பார்க்க முடியாது. தன் கையால் செய்து பார்க்க விரும்பும், தவறான விடையோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கச் சலிக்காத பிள்ளைக்கு இந்தப் பயிற்சியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சுற்றுலாவை எதிர்பார்க்கும் பிள்ளையை அனுப்ப வேண்டாம். படிவம் ஐந்து மாணவர்கள் தேர்வு முடிந்த பிறகு சேர்வது மேல். வீட்டுப் பயிற்சி வாரத்திற்கு மூன்று மணி நேரத்தையாவது தின்றுவிடும்.

அடுத்த பருவம் பள்ளி விடுமுறைக்குப் பின் தொடங்குகிறது. 12 இடங்களும் விரைவில் நிரம்பிவிடுவதால், தங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் இப்போதே பெயர் கொடுத்து வைக்கலாம். மூடிய காலணி, தொப்பி, மழைச்சட்டை, கெட்டி அட்டைக் குறிப்பேடு ஆகியவற்றோடு பென்சில் கொண்டுபோக வேண்டும். மழையில் மை கரைந்துவிடும் என்பதால் பேனாவில் எழுதிய களக்குறிப்புகளை அவர் ஏற்றுக்கொள்வதில்லை.